கையெழுத்துக்கு முன் பொங்கிய பால்

ஐநூறு டாலரை ஆயிரம் டாலர் ஆக்கியதிலிருந்து என் போன் ஓயவில்லை. கலிபோர்னியாவில் வீட்டு வேலை எதுவானாலும், கூலியும் சாமானும் சேர்ந்து ஐநூறு டாலரைத் தொட்டால் கான்ட்ராக்டர் லைசென்ஸ் வேண்டும் என்பது பழைய சட்டம். அந்த வரம்பைத்தான் இப்போது ஆயிரமாக உயர்த்தியிருக்கிறார்கள். உடனே நம் ஆட்களில் கைவேலை தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர், "அண்ணே, இனிமே லைசென்ஸ் வேண்டாமாமே?" என்று கேட்கிறார்கள். பெர்மிட் தேவைப்படாத, கூலிக்கு ஆள் வைக்காத சின்ன வேலைக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. சமையலறையைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டுவது அதில் வராது. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நான் சாதாரணமாகவே அதிகம் பேசுகிறவன் இல்லை. அதனால்தான், தமிழ்ச் சங்க மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது ஒப்புக்கொண்டேன். எழுதுவது பேசுவதைவிட எனக்குச் சுலபம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழைகளை என் மனைவி செல்வி திருத்தியிருக்கிறாள்.

செல்விக்கு இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். தென்காசியில் மர வேலை செய்துகொண்டிருந்த எனக்கு, வேலை செய்ய அனுமதி வந்த மாதமே ஹேவர்டில் டெல்காடோ என்பவரிடம் இடம் கிடைத்தது. அவர் முப்பது வருடமாகச் சமையலறைகள் மட்டுமே செய்துவந்தவர். முதல் வருடம் குப்பை அள்ளினேன். இரண்டாம் வருடம் கேபினெட் மாட்டினேன். நான்காம் வருடம் ஒரு சமையலறையைத் தனியாக முடித்துக் கொடுத்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

டெல்காடோவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவருடைய வண்டியில் ஒரு மடக்கு நாற்காலி இருக்கும். வேலையில் தப்பு கண்டால் அதை எடுத்து வந்து, தப்புக்கு நேர் எதிரே விரித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரு கேபினெட் கதவு நூலளவு சாய்ந்திருந்தாலும் அதன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு வார்த்தை வராது. நாங்களாகத் தப்பைக் கண்டுபிடித்துக் கழற்றத் தொடங்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அடுத்த அறையில் நாற்காலி விரியும் சத்தம் கேட்டால் எங்களில் யாருக்கும் கை ஓடாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. புது வீட்டுக்குப் போனால் பெயர் சொல்வதற்கு முன் லைசென்ஸ் எண்ணைச் சொல்வார். பிறகு மூன்று தாள்களை மேடைமேல் வரிசையாக வைப்பார். நாங்கள் வீட்டை உடைத்துவிட்டாலோ எரித்துவிட்டாலோ ஈடு கட்டும் இன்சூரன்ஸ் முதல் தாள். வேலையாள் ஏணியிலிருந்து விழுந்தால் மருத்துவச் செலவு பார்க்கும் இன்சூரன்ஸ் இரண்டாவது. மூன்றாவது பாண்ட்; கான்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டால் வீட்டுக்காரர் முறையிட்டு ஈடு கேட்பதற்கானது. வீட்டுக்காரர் தாள்களைப் பார்க்காமல் காபி வேண்டுமா என்று கேட்டால், பார்த்த பிறகு குடிக்கிறேன் என்பார்.

எனக்கும் லைசென்ஸ் எடுக்கும் ஆசை வந்தது. நான்கு வருட அனுபவத்துக்குச் சான்று சொல்லி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். டெல்காடோ அந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார். அதில் ஒரு வரி பொய்யாக இருந்தாலும் தன் லைசென்ஸுக்கும் ஆபத்து என்றார்.

அடுத்தது விரல் ரேகை. கல்லும் மரத்தூளும் பசையும் தேய்த்து என் விரல் நுனிகள் வழவழப்பாகிவிட்டிருந்தன. இயந்திரம் நான் ஒரு மனிதன் என்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. அங்கிருந்த பெண், ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் தினமும் க்ரீம் தடவிக்கொண்டு வரச் சொன்னாள். கல்யாணத்துக்குக்கூட நீங்கள் இப்படிக் கையைப் பராமரித்ததில்லை என்று செல்வி சிரித்தாள்.

பிறகு பரீட்சை. தொழில் பரீட்சையில் முதல் தடவையே தேறினேன். சட்டப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றேன். கேள்விகள் எல்லாம் ஆங்கிலம். செல்வி வேலை முடிந்து வந்து கேள்வியையும் பதிலையும் போனில் பேசிப் பதிவு செய்து தருவாள். நடுவில் தமிழில் விளக்கமும் இருக்கும், "இது போன தடவ தப்பா எழுதுனது, ஞாபகம் இருக்கா?" என்று திட்டும் இருக்கும். ஃப்ரீவேயில் போகும்போதெல்லாம் அதைக் கேட்டேன். மூன்றாம் முறை தேறினேன். வீட்டை எரித்தால் ஈடு கட்டும் இன்சூரன்ஸைத் தனி ஆளாகத் தொழில் செய்கிறவனுக்குச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. டெல்காடோ கட்டாயமாக்கினார். அது இல்லாமல் தொடங்கினால் என்னைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன் என்றார். அதையும் எடுத்தேன். பர்ஸில் வைக்கும் அளவு ஒரு அட்டை தபாலில் வந்தது. அதில் என் பெயர் முழுதாக, அப்பா பெயரோடு இருந்தது.

தனியாக எடுத்த நான்காவது வேலையில்தான் அந்த அட்டையை இழக்கப் பார்த்தேன்.

சான் ரமோனில் செந்தில், கவிதா என்று ஈரோட்டுப் பக்கத்துத் தம்பதி. இருவரும் ஐ.டி. வேலையில் இருந்தார்கள். பழைய வீடு வாங்கி, குடிபோகுமுன் சமையலறையை மாற்றிக்கொள்ள விரும்பினார்கள். நான் டெல்காடோ மாதிரியே மூன்று தாள்களையும் மேடைமேல் வைத்தேன். செந்திலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நமக்குள்ள என்னத்துக்குங்கண்ணா பேப்பர் எல்லாம்? நீங்க நம்ம ஊர்க்காரர்" என்றார். தென்காசிக்கும் ஈரோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அன்றே அந்தத் தப்பு தொடங்கிவிட்டது.

அடுப்பு வடக்குச் சுவரில் இருந்தது. கவிதாவுக்கு அது அக்னி மூலையில், கிழக்குப் பார்த்துச் சமைக்கிற மாதிரி வேண்டும். அப்படியென்றால் கேஸ் குழாயைப் புதிதாக இழுக்க வேண்டும்; நகரசபை பெர்மிட் வேண்டும்; இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும். குழாய் வேலைக்கு லைசென்ஸ் உள்ள பிளம்பரை வைத்தேன். அவர் குழாயை இழுத்து, முனைகளை எல்லாம் அடைத்து, காற்றை ஏற்றி, அழுத்தம் காட்டும் மீட்டரைப் பொருத்திவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது கால் மணி நேரம் அந்த முள் அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் பெர்மிட் அட்டையில் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் அடுப்பை இணைத்து கேஸைத் திறக்கலாம்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன் என்று நாள் வாங்கியிருந்தேன். அதை நம்பி அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். ஊரில் ஜோசியரிடம் கேட்டு, வாட்ஸ்அப்பில் முப்பது பேருக்கு அழைப்பும் அனுப்பியாகிவிட்டது. புதன்கிழமை மாலை நகரசபையிலிருந்து போன் வந்தது. இன்ஸ்பெக்டருக்கு உடம்பு சரியில்லை, திங்கட்கிழமை வருவார் என்றார்கள்.

நான் இதை அன்றைக்கே செந்திலிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், திங்கட்கிழமை வருகிறார்களாம் என்று மட்டும் சொன்னேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியாது என்று சொல்லவில்லை. அவராகப் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். எப்படியாவது நான் சமாளிப்பேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். வாசலில் கோலம், கதவில் மாவிலை. புது அடுப்பு சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்றது. அதன் நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே ஒரு வெள்ளிப் பாத்திரம் நிறையப் பால். பட்டுப்புடவையில் கவிதா லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கனெக்ட் பண்ணீறலாங்களாண்ணா?"

நான் குழாயில் இருந்த மீட்டரைக் காட்டினேன். செந்தில் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"சிட்டிதானுங்கண்ணா லேட் பண்ணுச்சு, நாம இல்லையே. அஞ்சே நிமிஷம். பால் பொங்குனதும் ஆஃப் பண்ணிட்டு, இருந்த மாதிரியே வச்சுருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

முப்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நல்ல நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. முடியாது என்பது ஒரு வார்த்தை. அதை நான் சொல்லவில்லை. அத்தனை முகங்களுக்கு எதிரே பேசுவதைவிட, குனிந்து ஸ்பேனரை எடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

மீட்டரைக் கழற்றினேன். அடுப்பின் குழாயைப் பொருத்தினேன். அதுவே பிளம்பர் செய்ய வேண்டிய வேலை. வால்வைத் திறந்து இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன்; குமிழி வரவில்லை. கவிதா பற்ற வைத்தாள். ஒன்பது நிமிடத்தில் பால் பொங்கி நாலா பக்கமும் வழிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். ஏலக்காய் போட்டிருந்தார்கள். நன்றாகவே இருந்தது.

விருந்தினர்கள் சாப்பிடப் போனதும் வால்வை மூடி, எல்லாவற்றையும் கழற்றி, மீட்டரை மாட்டிக் காற்றை ஏற்றினேன். முள் நின்றது. நான் மறுநாள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது, நான் போன பிறகு கவிதா அந்த மீட்டரின் கண்ணாடிக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தாள். புதுச் சாமான் எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று, இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று நினைத்தாளாம்.

இன்ஸ்பெக்டர் ஐம்பது வயது வெள்ளைக்காரப் பெண்மணி. பெயர் டெனிஸ். மீட்டர் முன் குனிந்தவர், முள்ளைப் பார்க்காமல் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பின் பர்னர் மூடியைத் தூக்கினார். மேலே துடைத்திருந்தார்கள், அடியில் பால் கருகிப் பிடித்திருந்தது. இது எப்படி வந்தது என்று கேட்டார். செந்தில் முந்திக்கொண்டு, அது எங்கள் சடங்கு, பாலை மைக்ரோவேவில் காய்ச்சி அடுப்பில் கொஞ்சம் ஊற்றினோம் என்றார். நல்ல ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு சொன்னார். கேட்கும்போது எனக்கே உண்மைபோல இருந்தது.

டெனிஸ் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பெர்மிட்டில் இருப்பது என் பெயர். நான் தலையாட்டினால் போதும், அன்றே கையெழுத்து ஆகியிருக்கும்.

"நான்தான் கேஸைத் திறந்தேன்," என்றேன். எனக்கு வரும் ஆங்கிலத்தில் அது மூன்று வார்த்தைகள்.

அவர் வால்வை மூடினார். அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார். வெள்ளிக்கிழமை திரும்ப வருவேன், பிளம்பர் உடன் இருக்க வேண்டும், குழாயை முழுக்கத் திறந்து காட்டி என் கண் முன்னால் மறுபடி சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். ஆய்வுக்கு முன் கேஸைத் திறந்த கான்ட்ராக்டரைப் பற்றி மாநில லைசென்ஸ் போர்டுக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசிப்பதாகவும், வெள்ளிக்கிழமை சொல்வதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். "டாக்டர் கையெழுத்து இல்லாம நான் ஒரு மாத்திரை குடுப்பனா? நீங்க கேஸத் தொறந்து விட்டிருக்கியளே. வாய் என்ன தச்சா கெடந்துச்சு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கொல்லைப்புறத்தில் கேம்பிங் அடுப்பு வைத்துக் காய்ச்சியிருக்கலாமே என்றாள். அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

டெல்காடோவுக்குப் போன் செய்தேன். என் அனுபவப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். அடுத்தவர் சொல்லித் தெரியக் கூடாது. மறுநாள் செந்தில் வீட்டுக்கு வந்தார், நாற்காலியோடு. சிவப்பு அட்டை கட்டிய வால்வுக்கு எதிரே அதை விரித்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். என்ன தப்பு என்று எனக்குத்தான் தெரியுமே, கழற்ற என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் என் இன்சூரன்ஸ் தாளைக் கேட்டார். வண்டியிலிருந்து எடுத்து வந்தேன். அதை என் கையிலேயே கொடுத்து, இன்ஸ்பெக்டர் கையெழுத்து இல்லாமல் திறந்த கேஸால் நெருப்புப் பிடித்திருந்தால் இந்தக் கம்பெனி பணம் தருமா, கேட்டுப் பார் என்றார். ஏஜென்டுக்குப் போன் செய்தேன். ஒரு பைசா வராமல் போகக்கூடும் என்றார் அவர்.

"அப்படியானால் அந்த ஒன்பது நிமிடம், முப்பது பேர் இந்தக் காகிதம் இல்லாத வீட்டில் நின்றிருக்கிறார்கள்," என்றார் டெல்காடோ. அப்புறம்தான் நாற்காலியை மடக்கினார். வெள்ளிக்கிழமை நீங்களும் வருவீர்களா என்று கேட்டேன். மாட்டேன் என்றார்.

அந்த நான்கு நாளும் செந்தில் வீட்டில் வேலை செய்துகொண்டுதான் இருந்தேன். கேபினெட்டுக்குக் கைப்பிடிகள் வைத்தேன். செந்தில் தினமும் வந்து மன்னிப்புக் கேட்டார். போர்டுக்குத் தானே கடிதம் எழுதுவதாகச் சொன்னார். கவிதாவுக்கு வேறு கவலை. "தப்பா காய்ச்சுன பாலு, கணக்குல சேருங்களாண்ணா?" என்று கேட்டாள். ஜோசியரிடமும் கேட்டாளாம். மறுபடி ஒருமுறை காய்ச்சிவிடு, ராகு காலம் மட்டும் பார்த்துக்கொள் என்றாராம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு டெனிஸ் வந்தார். பிளம்பர் குழாயைப் பிரித்துக் காட்டினார், மாட்டினார், காற்று ஏற்றினார். நாங்கள் ஐந்து பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கால் மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்று தெரிந்தது. முள் அசையவில்லை. இந்த முறை டெனிஸே சொன்னதால், கையெழுத்துக்கு முன் பிளம்பர் மீட்டரைக் கழற்றி அடுப்பை இணைத்தார். சிவப்பு அட்டையை அவிழ்த்து, வால்வைத் திறந்து கசிவு பார்த்தார்கள். எல்லாம் சரி. டெனிஸ் மேடைமேல் பெர்மிட் அட்டையை வைத்துப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

கவிதா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபத்தைந்து. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அன்றும் வெள்ளிப் பாத்திரத்தில் பால் தயாராக இருந்தது. அவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். லைட்டரை எடுத்தாள். கை பர்னர் பக்கம் போனது.

"இல்லம்மா," என்றேன். "கையெழுத்து ஆகட்டும்."

"ஆயிருமேங்கண்ணா, இன்னும் அஞ்சு நிமிஷந்தான் இருக்கு..."

"ஆகட்டும். அதுவரைக்கும் யாரும் அடுப்பத் தொடக் கூடாது."

என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்குத் தெரியாது. பிளம்பர்கூடத் திரும்பிப் பார்த்தார். கவிதா லைட்டரைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

டெனிஸுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பேனா கிடைத்த பிறகும் அவர் எழுதாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கவிதாவையும், லைட்டரையும், என்னையும் பார்த்தார். பிறகு அட்டையை நிதானமாகப் படித்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் கையெழுத்துப் போட்டு முடித்தபோது மணி பத்து முப்பத்தி நான்கு.

கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். போர்டுக்கு எழுதி வைத்திருந்த கடிதம் அது. இரண்டாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இது இனி தேவைப்படாது. உங்கள் வாடிக்கையாளரை நிறுத்த உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது," என்றார்.

செந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கவிதாவைப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராகு காலம் தொடங்கி நாலு நிமிடம் ஆகியிருந்தது. பன்னிரண்டு மணிவரை காத்திருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் லைட்டரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கவர்மென்டே நேரம் குறிச்சுக் குடுத்துட்டாங்க. இதுக்கு மேல எந்த ராகு வரப் போறாருங்கண்ணா? நீங்களே பத்த வைங்க."

பற்ற வைத்தேன். டெனிஸுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். வேலை நேரத்தில் எதுவும் வாங்கக் கூடாது என்பது தன் விதி என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆனால் பால் பொங்கி வழியும்வரை போகாமல் நின்று பார்த்தார்.